நட்சத்திரக் கால்பந்து வீரர் ஓய்வு பெறுகிறாராம்: செய்தியை எப்படிச் சரிபார்ப்பது? முழுமையான வழிகாட்டி

ஒரு வீரர் கிளப் மாறுகிறார் என்றால் அந்த விஷயம் பலருக்குத் தெரிந்திருக்கும். விற்கும் கிளப், வாங்கும் கிளப், முகவர், வழக்கறிஞர்கள், உடல் பரிசோதனை செய்யும் மருத்துவர் என்று ஒரு கூட்டமே உள்ளே இருக்கும். அதில் யாராவது ஒருவர் வாய் திறந்தால் செய்தியாளருக்கு நூல் கிடைத்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தலாம்.

ஆனால் ஓய்வு என்பது ஒரே ஒரு மனிதர் எடுக்கும் முடிவு. ஒப்பந்தம் மீதமிருந்தால் கிளப்போடு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மற்றபடி இன்றைக்கு முடிவு செய்துவிட்டு நாளைக்கு மாற்றிக்கொள்ள அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபர் (கிளப் மாற்றம்) செய்திகளில் பெயர் வாங்கிய செய்தியாளர்கள்கூட ஓய்வுச் செய்தியில் சறுக்குவதற்கு இதுதான் காரணம். அவர்களுடைய திறமை குறைந்துவிடவில்லை. கேட்டு உறுதிப்படுத்த ஆள் இல்லை. ஆக, ஒரு ஓய்வுச் செய்தி கண்ணில் பட்டதும் மனதில் எழ வேண்டிய முதல் கேள்வி, ‘இது தெரிந்திருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் இதைச் சொன்னார்?’ என்பதுதான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

படி 1: எதிலிருந்து ஓய்வு என்று பாருங்கள்

பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். கால்பந்தில் ஓய்வு நான்கு வகையாக வரும்: தேசிய அணியிலிருந்து, ஒரு குறிப்பிட்ட போட்டித் தொடரிலிருந்து, இப்போதைய கிளப்பிலிருந்து, ஒட்டுமொத்த ஆட்டத்திலிருந்து. தலைப்பில் நான்குக்கும் ஒரே சொல்தான் வரும்.

ஈடன் ஹசார்ட் 2022 டிசம்பரில் பெல்ஜியம் அணியிலிருந்து விலகினார். கால்பந்தையே விட்டது 2023 அக்டோபரில். மெசுட் ஓசில் ஜெர்மனி அணியை விட்டது 2018 ஜூலையில், ஆட்டத்தை விட்டது 2023 மார்ச்சில். நடுவே நாலரை ஆண்டுகளுக்கு மேல் கிளப் கால்பந்து ஆடினார். சுனில் சேத்ரி 2024 மே 16 அன்று காணொளி வெளியிட்டுச் சொன்னதும் இந்திய அணியிலிருந்து விலகுவதைப் பற்றி மட்டுமே. பெங்களூரு கிளப்புக்காகத் தொடர்ந்து ஆடினார். ‘சேத்ரி ஓய்வு’ என்ற இரண்டு சொல்லை மட்டும் படித்தவருக்கு, அடுத்த சீசனில் அவர் மைதானத்தில் நிற்பதைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

தொடர் சார்ந்த ஓய்வு இன்னும் வழுக்கலானது. 2024 ஜூலை 1 அன்று ஸ்லோவேனியாவுடனான ஆட்டத்துக்குப் பிறகு, இது தன் கடைசி யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பைத் தொடர்) என்று கிறிஸ்டியானோ ரொனால்டோ சொன்னார். யூரோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும், அவருக்கு அப்போது வயது 39. யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. போர்ச்சுகல் அணிக்கு ஆடுவதை நிறுத்துகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ‘கடைசி’ என்ற சொல்லும் ‘ரொனால்டோ’ என்ற பெயரும் ஒரே வரியில் வந்தாலே தலைப்பு போடுபவருக்குக் கை பரபரக்கும்.

எனவே செய்தியின் உள்ளே மூன்றைத் தேடுங்கள்: எந்த அணி, எந்தத் தேதியிலிருந்து, கடைசி ஆட்டம் எது. உண்மையான அறிவிப்பில் இவை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஜெர்மனி வீரர் டோனி க்ரூஸ் 2024 மே 21 அன்று அறிவித்தபோது யூரோவோடு ஆட்ட வாழ்க்கையே முடிகிறது என்றார். அதே நாளில் ரியல் மாட்ரிட்டும் அறிக்கை வெளியிட்டது. வீரரும் கிளப்பும் ஒன்றையே சொன்னார்கள், எப்போது முடிகிறது என்பதும் தெரிந்தது. சந்தேகப்பட அங்கே எதுவும் இல்லை. ஜூலை 5 அன்று ஸ்பெயினிடம் ஜெர்மனி தோற்றதோடு அவர் ஆட்டம் முடிந்தது.

படி 2: சொன்னவர் வீரரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்?

வீரரே சொன்னால் முதல் வட்டம். அதிலும் எழுதி வெளியிட்ட அறிக்கைக்கும், தோற்ற பத்தாவது நிமிடத்தில் மைக்கை நீட்டியபோது சொன்ன பேச்சுக்கும் வித்தியாசம் உண்டு.

முகவர், மனைவி, பெற்றோர், உடன்பிறப்பு ஆகியோர் இரண்டாம் வட்டம். இவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கலாம், ஆனால் அதை அப்படியே சொல்வார்கள் என்று சொல்ல முடியாது. முகவருக்குப் புதிய ஒப்பந்தம் பேச வேண்டியிருக்கும். தந்தைக்கு மகன் இன்னும் ஒரு வருடம் ஆட வேண்டும் என்ற ஆசை இருக்கும்.

கிளப், தேசிய சங்கம், பயிற்சியாளர் மூன்றாம் வட்டம். கிளப் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். பல நேரங்களில் கிளப்புக்கே தெரியாது. 2017 பிப்ரவரியில் பயர்ன் மியூனிக் கேப்டன் ஃபிலிப் லாம், ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு பாக்கி இருக்கும்போதே, அந்த சீசனோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒரு கோப்பை ஆட்டம் முடிந்த கையோடு சொல்லிவிட்டார். அவர் அறிவித்த விதம் தங்களுக்கு வியப்பளித்ததாக பயர்ன் மியூனிக் நிர்வாகம் பிறகு சொன்னது. கேப்டன் விஷயத்திலேயே இப்படி என்றால், ‘கிளப் வட்டாரத் தகவல்’ என்று தொடங்கும் செய்தியை எவ்வளவு தூரம் நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சக வீரர்கள், முன்னாள் வீரர்கள், தொலைக்காட்சி விமர்சகர்கள் நான்காம் வட்டம். இவர்கள் சொல்வது கருத்து. ‘என்னைக் கேட்டால் அவர் நிறுத்திவிட வேண்டும்’ என்று ஒரு முன்னாள் வீரர் சொன்னது, இரண்டு கை மாறினால் ‘நிறுத்தப்போகிறார்’ ஆகிவிடும்.

‘நெருங்கிய வட்டாரங்கள்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வட்டம் என்பது வாசகருக்குத் தெரியாது. பெயர் சொல்லாத மூலம் என்பதாலேயே பொய் என்று தள்ள வேண்டாம். நல்ல செய்திகள் பலவும் அப்படித்தான் வருகின்றன. அந்தச் செய்தி முழுக்க முழுக்க எழுதியவரின் நம்பகத்தன்மை மீது நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனிப் படி பின்னால் வருகிறது.

படி 3: ஊற்றுக்கண் வரை நடந்து போங்கள்

பத்து இணையதளங்களில் ஒரே செய்தி இருந்தால் பத்து சாட்சிகள் என்று தோன்றும். திறந்து பார்த்தால் ஒன்பதிலும் ‘இன்ன ஊடகம் தெரிவித்துள்ளது’ என்று பத்தாவதை நோக்கிக் கை காட்டியிருப்பார்கள். சாட்சி ஒன்றுதான்.

2020 அக்டோபரில் பால் போக்பாவுக்கு நடந்தது இதற்கு நல்ல பாடம். இஸ்லாம் குறித்து பிரான்ஸ் அதிபர் மக்ரோன் பேசிய பேச்சு சர்ச்சையாகியிருந்த நேரம். அதை எதிர்த்து போக்பா பிரான்ஸ் அணியிலிருந்து விலகிவிட்டார் என்று மத்திய கிழக்கு விளையாட்டுத் தளங்களில் ஒரு தகவல் கிளம்பியது. அந்தத் தளங்களைக் காட்டி பிரிட்டனின் ‘தி சன்’ எழுதியது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும், உலகம் முழுக்கச் சுற்றியது. அக்டோபர் 26 அன்று போக்பா அந்தச் செய்தியின் படத்தையே இன்ஸ்டாகிராமில் போட்டு, பொய்ச் செய்தி என்று அதன் மேலேயே எழுதினார். தான் சொல்லாததையும் நினைக்காததையும் தன் பெயரில் பரப்புகிறார்கள், சட்ட நடவடிக்கை எடுப்பேன் என்றார்.

இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். முதல் கண்ணியில் போக்பாவின் ஒரு வாக்கியம்கூட மேற்கோளாக இல்லை. பிரெஞ்சு சங்கத்தின் அறிக்கையும் இல்லை. அவர் பிரான்ஸ் அணி வீரர். அப்படியொரு முடிவு எடுத்திருந்தால் பிரான்ஸின் பெரிய விளையாட்டு நாளிதழான ‘லெகிப்’ போன்றவை முதலில் மோப்பம் பிடித்திருக்கும். அவை பேசாமல் இருக்கும்போது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு தளத்துக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கிறது. இந்த இடப் பொருத்தமின்மையை யாராவது ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: செய்தியில் கொடுத்துள்ள இணைப்பை அழுத்துங்கள். அது வேறொரு தளத்துக்குப் போனால் அங்கிருந்தும் அழுத்துங்கள். இணைப்பே இல்லாமல் ‘வெளிநாட்டு ஊடகங்கள் தெரிவிக்கின்றன’ என்று மட்டும் இருந்தால், வீரரின் பெயரை அவர் நாட்டு மொழியில் தேடிப் பாருங்கள். பிரேசில் வீரர் என்றால் போர்ச்சுகீசிய மொழி, அர்ஜென்டினா வீரர் என்றால் ஸ்பானிஷ். இயந்திர மொழிபெயர்ப்பு இலக்கணத்தில் தடுமாறினாலும் ‘யார் சொன்னது’ என்பதைக் கண்டுபிடிக்கப் போதும். சொந்த நாட்டு ஊடகம் மௌனமாக இருந்தால் நீங்களும் பொறுத்திருங்கள்.

பேட்டி என்றால் காணொளியைத் தேடுங்கள். தேதியைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய பேச்சை நேற்றையது போல வெட்டிப் போடுவது சாதாரணமாகிவிட்டது. ஜெர்சியில் உள்ள விளம்பரதாரர் பெயர், பின்னால் உள்ள போட்டிச் சின்னம், முடி வெட்டு இவற்றை வைத்தே பழையது என்று ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். குரலையும் முகத்தையும் போலியாகச் செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்ட பிறகு, அதிகாரபூர்வக் கணக்கிலோ பேட்டி எடுத்த நிறுவனத்தின் பக்கத்திலோ அதே காணொளி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

படி 4: தலைப்பின் வினைச்சொல்லை மட்டும் தனியாகப் படியுங்கள்

தமிழ்த் தலைப்புகளுக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. ‘ஓய்வு பெற்றார்’, ‘ஓய்வை அறிவித்தார்’ என்று இருந்தால் நடந்து முடிந்த செயல். எங்கே, எப்போது அறிவித்தார் என்பது முதல் பத்தியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பு கடன் வாங்கியது. ‘ஓய்வு பெற முடிவு’ என்றால் செய்தவர் பெயர் காணாமல் போய்விட்டது. யார் முடிவு செய்தார், யாரிடம் சொன்னார் என்று கேளுங்கள். ‘ஓய்வு பெறுகிறாரா?’ என்று கேள்விக்குறி போட்டிருந்தால் உள்ளே செய்தி இல்லை என்று எழுதியவரே ஒப்புக்கொள்கிறார். ‘எனத் தகவல்’, ‘எனக் கூறப்படுகிறது’ இரண்டும் பொறுப்பைக் கழற்றிவைக்கும் ஒட்டுகள். ‘ரசிகர்கள் அதிர்ச்சி’ என்று சேர்த்திருந்தால் அது உங்கள் விரலுக்காகப் போட்டது.

2025 நவம்பரில் ஒரு பேட்டியில், எப்போது ஓய்வு என்று கேட்டதற்கு ‘விரைவில்’ என்றார் ரொனால்டோ. சில நாட்களில், விரைவில் என்று தான் சொன்னது ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளை என்று அவரே விளக்க வேண்டியதாயிற்று. இப்படி ஒரு பதில் கை மாறும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். முதலில் ‘விரைவில் ஓய்வு பெறுவேன்: ரொனால்டோ’. இது சரி. அடுத்து ‘விரைவில் ஓய்வு: ரொனால்டோ அறிவிப்பு’. பேட்டியில் சொன்ன பதில் அறிவிப்பாகிவிட்டது. அதற்கடுத்து ‘ஓய்வை அறிவித்தார் ரொனால்டோ’. ‘விரைவில்’ போய்விட்டது, ஓய்வு மட்டும் நிற்கிறது. எந்தக் கையும் முழுப் பொய்யை எழுதவில்லை. ஆளுக்கு ஒரு சொல்லை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

படி 5: செய்தியாளரின் பழைய கணக்கைப் புரட்டுங்கள்

ரசிகர்கள் செய்தியாளர்களைத் தரவரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். ஃபப்ரிசியோ ரொமானோ, டேவிட் ஆர்ன்ஸ்டீன் போன்றவர்களின் பெயரைப் பார்த்ததும் நம்பிவிடுவார்கள். அந்தத் தரவரிசை டிரான்ஸ்ஃபர்களை வைத்து உருவானது. ஓய்வு விஷயத்தில் அதை அப்படியே எடுத்துவைப்பது சரியல்ல என்பது என் கருத்து. காரணம் மேலே சொன்னதுதான்: அங்கே பல மூலங்கள், இங்கே ஒன்று. ஒரு குறிப்பிட்ட வீரரைப் பத்து வருடமாகப் பின்தொடரும் உள்ளூர்ச் செய்தியாளர், உலகப் புகழ்பெற்றவரைவிட இங்கே அதிகம் அறிந்தவராக இருக்கலாம். அந்த வீரர் இதற்கு முன் யாருக்குத் தனிப் பேட்டி கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவரிடம்தான் முதலில் பேசுவார்.

மிகச் சிறந்த செய்தியாளர்களும் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். இது நம் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால். ஆனால் ஓய்வுச் செய்தியின் எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் வேறெங்கும் கிடைக்காது. 2022 ஜனவரி 29 அன்று அந்த ஆட்டத்தின் நட்சத்திரம் டாம் பிராடி ஓய்வு பெறுகிறார் என்று இஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியின் செய்தியாளர்கள் ஆடம் ஷெஃப்டரும் ஜெஃப் டார்லிங்டனும் வெளியிட்டார்கள். இருவரும் அந்தத் துறையில் முன்வரிசை ஆட்கள். பிராடியின் சொந்த நிறுவனமான டிபி12 அவர் சாதனைகளைப் பட்டியலிட்டு ட்விட்டரில் பதிவு போட்டது. வாழ்த்துகள் குவிந்தன. அப்புறம்தான் வேடிக்கை. அவர் தந்தை, மகன் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றார். முகவர் டான் யீ, பிராடியின் எதிர்காலத்தைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் பிராடி மட்டுமே என்ற பொருளில் அறிக்கை விட்டார். டிபி12 தன் பதிவை அழித்தது. அன்று பிராடி பொதுவெளியில் வாயே திறக்கவில்லை.

மூன்றே நாளில், பிப்ரவரி 1 அன்று, பிராடி இன்ஸ்டாகிராமில் விலகலை அறிவித்தார். ஆக, இஎஸ்பிஎன் சொன்னது சரி. 40 நாள் கழித்து, மார்ச் 13 அன்று, திரும்பி வருகிறேன் என்றார். அப்படியானால் இஎஸ்பிஎன் சொன்னது தவறா? கடைசியில் 2023 பிப்ரவரி 1 அன்று இனி நிரந்தரம் என்று சொல்லிவிட்டுப் போனார். நடுவே பாவம் ஒருவர், பிராடியின் ‘கடைசி’ டச்டவுன் (கால்பந்தில் கோல் போல) பந்து என்று 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தார். மறுநாளே பிராடி திரும்பிவிட்டார். அந்த விற்பனை பிறகு ரத்தானது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: நம்பகமான செய்தியாளர் பெயர் இருந்தால் ‘இப்படியொரு பேச்சு வீரருக்கு நெருக்கமான இடத்தில் உண்மையிலேயே நடக்கிறது’ என்பது வரை நம்பலாம். ‘முடிந்துவிட்டது’ என்பதற்கு வீரரின் சொல் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மூன்று நாளாகவும் இருக்கலாம், மூன்று வருடமாகவும் இருக்கலாம்.

செய்தியாளரின் கணக்கைப் புரட்டும்போது அவர் தவறியபோது என்ன செய்தார் என்றும் பாருங்கள். பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகிறவரைவிட, ‘நான் எழுதியது தவறு’ என்று கீழேயே எழுதுகிறவரை அடுத்த முறை கூடுதலாக நம்பலாம்.

படி 6: கணக்கு அசல்தானா?

இது சின்ன வேலை, ஆனால் தவறவிட்டால் மானம் போகும். ட்விட்டரில் நீலக் குறியீட்டைப் பணம் கட்டி வாங்கலாம் என்று 2022 நவம்பரில் ஆனதும், கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் பெயரில் ஒரு போலிக் கணக்கு, அணி மாறக் கேட்கிறேன் என்று பதிவிட்டது. குறியீட்டைப் பார்த்துப் பலர் நம்பினார்கள். அந்தக் குறியீடு மட்டும் ஆள் அசல் என்பதற்குச் சான்று ஆகாது. பயனர் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தின் சிறிய ‘எல்’லும் பெரிய ‘ஐ’யும் திரையில் ஒன்று போலவே தெரியும். கிளப்பின் இணையதளத்திலிருந்து அவர்களுடைய கணக்குக்குப் போனால் ஏமாற வாய்ப்பில்லை. சுயவிவரத்தில் ‘நையாண்டி’ என்று மூலையில் எழுதியிருக்கிறதா என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

படி 7: மறுப்பை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்

வீரர் மறுத்துவிட்டால் செய்தி பொய் என்று முடிவுகட்டுவோம். அவசரம் வேண்டாம். மறுப்பில் எதை மறுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பார்சிலோனா வீரர் செர்ஜியோ அகுவேரோ 2021 அக்டோபர் 30 அன்று அலாவெஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். இதயத் துடிப்பில் கோளாறு. மூன்று மாதம் ஆட மாட்டார் என்று பார்சிலோனா அறிவித்தது. நவம்பரில், அவர் ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று செய்திகள் வரத் தொடங்கின. அகுவேரோ பதிவு போட்டார்: கிளப் மருத்துவர்கள் சொன்னபடி சிகிச்சை எடுக்கிறேன், 90 நாளில் முன்னேற்றத்தைப் பார்ப்போம் என்று. ‘வதந்திக்கு முற்றுப்புள்ளி’ என்று இதைப் படித்தவர்கள் உண்டு. டிசம்பர் 15 அன்று, 33 வயதில், கேம்ப் நௌ மைதானத்தில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார்.

இப்போது அந்தப் பதிவைத் திரும்பப் படியுங்கள். ‘நான் ஓய்வு பெற மாட்டேன்’ என்று அதில் இல்லை. ‘நிச்சயம் திரும்புவேன்’ என்றும் இல்லை. இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் அதன் பொருள், அவர் பொய் சொல்லவில்லை. போக்பாவின் மறுப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவர் செய்தியின் வேரையே மறுத்தார், நீதிமன்றம் போவேன் என்றார். மொத்தமாக மறுத்தால் பெரும்பாலும் செய்தி தவறு. ‘இப்போதைக்கு இல்லை’, ‘தக்க நேரத்தில் சொல்வேன்’, ‘அடுத்த ஆட்டத்தில்தான் கவனம்’ என்று பதில் வந்தால் செய்தி உயிரோடுதான் இருக்கிறது.

உடல்நலம் சம்பந்தப்பட்ட ஓய்வில் இன்னொன்றும் உண்டு. மருத்துவ விவரம் வீரருடைய தனிப்பட்ட விஷயம். அதை முந்திக்கொண்டு வெளியிடும் ஊடகம் சரியான தகவலையே சொன்னாலும், சிகிச்சை முடிவு தெரியாத மனிதரைப் பொதுவெளியில் பதில் சொல்ல வைக்கிறது. சரியான செய்தி என்பதாலேயே நல்ல செய்தி வேலை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மார்கோ வான் பாஸ்டன் கடைசியாக ஆடியது 1993 மே மாதம், கணுக்கால் காயத்தோடு போராடிவிட்டு ஓய்வை அறிவித்தது 1995 ஆகஸ்டில். அந்த இரண்டு வருடத்தில் ‘முடிந்துவிட்டது’ என்று எந்த நாளில் எழுதியிருந்தாலும் அவர் இன்னும் முயன்றுகொண்டிருந்த நாள் அது.

படி 8: இந்த நேரத்தில் ஏன்?

ஐரோப்பாவில் கிளப் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30 அன்று முடியும். அதற்கு முந்தைய சில மாதங்களில் வரும் ஓய்வுப் பேச்சில் பேரத்தின் வாடை இருக்கலாம்: கூடுதல் ஓராண்டு வேண்டும் என்று முகவர் தரப்பு கசியவிட்டிருக்கலாம், சம்பளத்தைக் குறைக்க கிளப் தரப்பும் கசியவிட்டிருக்கலாம். பெரிய தொடர்களில் தோற்ற இரவும், வீரரின் பிறந்தநாளும் இன்னும் இரண்டு முக்கியமான நேரங்கள். கரீம் பென்சிமா 2022 டிசம்பர் 19 அன்று, தன் 35ஆவது பிறந்தநாளில், பிரான்ஸ் அணியிலிருந்து விலகினார். இந்த நாட்களில் செய்திக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். சீசன் நடுவில், காயமும் சண்டையும் இல்லாதபோது, திடீரென்று வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். ஊடகங்களுக்கும் கணக்கு உண்டு. சர்வதேச ஆட்டங்களோ லீக் ஆட்டங்களோ இல்லாத வாரங்களில் பக்கத்தை நிரப்ப ஓய்வு வதந்தியைவிட மலிவான சரக்கு கிடையாது.

படி 9: சரியான செய்தியையும் நிலைக்காத முடிவையும் பிரித்துப் பாருங்கள்

2016 ஜூன் 26 இரவு, சிலியிடம் பெனால்டியில் கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளின் தொடர்) இறுதிப் போட்டியைத் தோற்ற பிறகு, தேசிய அணி தனக்கு முடிந்துவிட்டது என்று லயனல் மெஸ்ஸி கேமரா முன்னால் சொன்னார். அவரே ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். ஆகஸ்ட் 12 அன்று முடிவை மாற்றிக்கொண்டார். 2022 டிசம்பர் 18 அன்று உலகக் கோப்பையைத் தூக்கினார். 2016இல் ‘மெஸ்ஸி விலகினார்’ என்று எழுதியவர்களைப் பின்னால் கேலி செய்தவர்கள் நிறைய. அது நியாயமில்லை. அவர் சொன்னார், அவர்கள் எழுதினார்கள். அந்த இரவில் நல்ல செய்தியாளர் ஒருவர் கூடுதலாகச் செய்திருக்கக்கூடியது ஒன்றுதான்: ‘தோல்விக்குச் சற்று நேரத்தில் சொன்னார், சங்கத்துக்கு முறையாக எதுவும் தெரிவிக்கவில்லை’ என்று ஒரு வரி சேர்ப்பது. அந்த ஒரு வரி இருக்கிறதா என்பதை வைத்து ஊடகத்தை எடை போடலாம்.

திரும்பி வந்தவர்கள் பட்டியல் பெரியது. ஜிடேன் 2004இல் பிரான்ஸ் அணியிலிருந்து விலகி 2005இல் திரும்பினார். க்ரூஸ்கூட 2021இல் ஜெர்மனி அணியை விட்டு 2024இல் வந்தவர்தான். சேத்ரி 2025 மார்ச்சில் திரும்பி, மாலத்தீவுக்கு எதிராக கோலும் அடித்தார். போலந்து கோல்கீப்பர் ஷெஸ்னி 2024 ஆகஸ்ட் 27 அன்று ஆட்டத்தையே விட்டார். பார்சிலோனாவின் டெர் ஸ்டேகன் செப்டம்பரில் காயமடைந்ததும், அக்டோபர் தொடக்கத்தில் அந்த கிளப்பில் சேர்ந்துவிட்டார். இவர்கள் ஓய்வு பெற்றபோது வந்த செய்திகள் எதுவும் பொய்யல்ல.

படி 10: நீங்கள் பகிரும்போது, எழுதும்போது

பக்கம் நடத்துபவர்களுக்கும் மொழிபெயர்த்துப் போடுபவர்களுக்கும் ஒரு மாதிரி வாக்கியம்: ‘இன்ன வீரர் இந்த சீசனோடு தேசிய அணியிலிருந்து விலகக்கூடும் என்று இன்ன நாளிதழ் எழுதியிருக்கிறது. வீரரோ சங்கமோ இதுவரை எதுவும் சொல்லவில்லை.’ இதில் யார் சொன்னது, எதிலிருந்து விலகல், உறுதியானதா என்ற மூன்றும் வந்துவிட்டன. சுவை குறைவுதான். தலைப்பிலும் இதே அளவு உறுதிதான் இருக்க வேண்டும். உள்ளே ‘கூடும்’ என்று எழுதிவிட்டு மேலே ‘ஓய்வு!’ என்று போட்டால் உள்ளே இருப்பதைப் படிக்க ஆளிருக்காது.

அப்புறம், சாதனைப் பட்டியலோடு ‘நன்றி தலைவா’ படத்தைத் தயாராக வைத்திருப்பதில் தவறில்லை. எல்லா ஊடகங்களும் வைத்திருக்கின்றன. அதைப் பதிவேற்றும் நேரம்தான் விஷயம். வீரரின் கணக்கு, கிளப்பின் கணக்கு, சங்கத்தின் கணக்கு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் வரும்வரை விரலை அடக்குங்கள். முந்திக்கொண்டதால் கிடைக்கும் பத்து நிமிடப் பெருமையை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தவறாகப் போட்டதை எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் வருடக்கணக்கில் சுற்றும். தவறு நேர்ந்துவிட்டால் பழைய பதிவின் மேலேயே திருத்தம் போடுங்கள். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் ஏற்கெனவே பகிர்ந்தவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது.

திரும்பி வருகிறார் என்ற செய்திக்கும் இதே படிகள்தான். அங்கே ஒரு வசதி கூடுதலாக உண்டு: விலகியதற்குப் பதிவேடு கிடையாது, ஆனால் ஆடுவதற்கு உண்டு. லீக்கில் பதிவு செய்த வீரர்கள் பட்டியல், தேசிய அணியின் தேர்வு அறிவிப்பு, ஆட்ட நாளின் அணித்தாள் எல்லாமே பொதுவெளியில் இருக்கும். 2011 மே மாதம் ஓய்வு பெற்ற மான்செஸ்டர் யுனைடெட் வீரர் பால் ஸ்கோல்ஸ் மீண்டும் ஆடப்போகிறார் என்ற விஷயம் பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியவந்தது 2012 ஜனவரி 8 அன்று, மான்செஸ்டர் சிட்டியுடனான ஆட்டத்துக்குச் சற்று முன்பு. யுனைடெட்டின் மாற்று வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.